முகத்தில் முடி வளர்ந்தால் குற்றமா?

"அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா" என்பது நம் நாட்டுப் பழமொழி. நடக்கவே முடியாத ஒன்றை நம்பிக் கணக்குப் போடுபவரைக் கேலி செய்ய இதைச் சொல்வது வழக்கம். இப்பழமொழியை முதலில் சொன்னவர் தம் அத்தையின் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை என்றே நாம் எண்ணுகிறோம். ஏனெனில், அத்தைக்கு மீசை முளைக்கும். அக்காளுக்கும் முளைக்கும். பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கைக்கும் முளைக்கும். சிலருக்கு மேலுதட்டில் பூனைமுடியாக, சிலருக்கு மோவாயிலும் தாடையோரத்திலும் கருத்துத் தடித்த முடியாக அது வளரும். முளைத்த பின்னும் அத்தை அத்தையாகத்தான் இருக்கிறாள்.

ஆண்டு மலரில் எழுதக் கல்வி, ஒழுக்கம், நாட்டுப்பற்று என எத்தனையோ பொருள்கள் இருக்க, இதை ஏன் எடுத்துக்கொண்டீர்கள் என்று சிலர் கேட்கக்கூடும். பெண்கள் மட்டுமே படிக்கும் பள்ளியில் பெண்ணின் உடலைப் பற்றிப் பேச இடமில்லையென்றால், வேறு எங்கே போய்ப் பேசுவது? நாம் பேசாமல் விட்டால் மாணவியர் கேட்காமல் இருக்கப் போவதில்லை. கைப்பேசியில் வரும் விளம்பரத்தைக் கேட்பார்கள், மருந்துக்கடைக்காரரைக் கேட்பார்கள், கேட்க யாருமில்லாதவர்கள் கண்ணாடியைக் கேட்பார்கள்.

ஆகவே நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெண்ணின் முகத்தில் வளரும் முடி அவள் செய்த குற்றமன்று; அவள் பெண்மைக்கு வந்த குறைவுமன்று. பல நேரங்களில் அது உடல் அனுப்பும் ஒரு செய்தி. அச்செய்தியை மருத்துவரிடம் காட்ட வேண்டும். முடியை நீக்குவதா, விட்டுவிடுவதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். அவளைச் சுற்றி எழும் சிரிப்பை நீக்குவது மட்டும் நம் பொறுப்பு.

நம் வகுப்பறைகளில் காண்பது

பெண்கள் பள்ளியில் நாடகம் என்றால் ஆண் வேடத்தையும் பெண்ணே ஏற்க வேண்டும். கிறிஸ்துமஸ் நாடகத்தில் சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஏரோது மன்னன் என்று மீசை வேண்டிய வேடங்கள் பல. கண்மையால் மீசை வரையும்போது யாரேனும் ஒருத்தியைச் சுட்டி, "இவளுக்கு மை வேண்டாம், மிச்சம்" என்று ஒரு குரல் எழும். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அடுத்த ஆண்டு நாடகத்திற்குப் பெயர் கொடுக்கச் சொன்னால் அவள் கை உயராது. அவள் சிரித்ததை மட்டும் கண்டவர்கள், "அவள் ஒன்றும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். கை உயராததைக் கண்டவர்கள் சிலரே.

குழுப் படம் எடுக்கும் நாளில் பின்வரிசையைத் தேடிப் போகிறவளைப் பாருங்கள். பேசும்போதெல்லாம் கைக்குட்டையை வாயருகே கொண்டு போகிறவளைப் பாருங்கள். கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் பள்ளிகள் திறந்தபோது எல்லோரும் முகக்கவசம் அணிந்து வந்தோம். தொற்று தணிந்த பின்னும் அதைக் கழற்றாத மாணவியர் சிலர் இருந்தனர். அவர்களுள் எல்லோருக்கும் கிருமியின் அச்சம்தான் என்று சொல்லிவிட முடியாது. முகத்தை மறைக்க உலகமே ஒரு காரணத்தைத் தந்தது. அதை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

மலையிலிருந்து வரும் மாணவியரின் நிலை இன்னும் கடினம். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு முதலிய கல்வராயன் மலை ஊர்களைச் சேர்ந்த பெண் பிள்ளைகள் கீழே வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். அந்த மலையில் ஜாகீர் முறை முடிவுக்கு வந்ததே 1976ஆம் ஆண்டில்தான். அதுவரை பாட்டன் பாட்டி கொத்தடிமைகளாக உழைத்த குடும்பங்களிலிருந்து ஒரு பெண் பிள்ளை மேல்நிலை வகுப்பு வரை வருவது சிறிய செயலன்று. வீட்டிலே முதன்முதலில் எழுத்தறிந்தவள் அவளாகவே இருப்பாள். அப்படிப்பட்டவள், "மீசைக்காரி" என்ற ஒரு சொல்லால் பொங்கல் விடுமுறைக்கு மலையேறியவள் திரும்பி வராமல் போனால், இழப்பு அவளுக்கு மட்டுமா? அவளைப் பார்த்துப் புத்தகம் எடுக்க இருந்த தங்கைமாருக்கும் அன்றோ?

மதிப்பெண்ணையும் மறைத்த கேலி

இது நம் ஊரின் நோய் மட்டுமன்று. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தன. 600க்கு 591 மதிப்பெண், அதாவது 98.5 விழுக்காடு, பெற்ற ஒரு மாணவி மாநிலத்திலேயே முதலிடம் பெற்றாள். அவள் படம் நாடெங்கும் பரவியது. படத்தைக் கண்ட ஆயிரக்கணக்கானோர் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை; மேலுதட்டைப் பார்த்தார்கள். முன்பின் அறியாத வளர்ந்த மனிதர்கள் ஒரு பள்ளிச் சிறுமியின் முகத்தை வைத்துச் சமூக ஊடகங்களில் நகையாடினர். அவள் சார்பாகப் பேசியவர்களும் பலர் இருந்தனர் என்பது ஆறுதல். எனினும், சவரக் கருவி விற்கும் ஒரு நிறுவனம் அவளுக்கு ஆதரவு சொல்வதாக நாளிதழில் விளம்பரம் கொடுத்து, அதிலும் தன் கருவியை நுழைத்துக்கொண்டது.

அம்மாணவி செய்தியாளரிடம் சொன்னதுதான் நம் நெஞ்சை அறுக்கிறது. ஒன்றிரண்டு மதிப்பெண் குறைவாகப் பெற்றிருந்தால் முதலிடம் வந்திருக்காது, இத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கவும் மாட்டேன் என்று தான் எண்ணியதாக அவள் சொன்னாள். ஆசிரியப் பணியில் இருக்கும் எவரும் இச்சொல்லை எளிதில் கடந்து போக இயலாது. நன்றாகப் படி, முதலிடம் வா, மேடை ஏறு என்று நாளெல்லாம் சொல்கிறோம். ஏறிய மேடையிலேயே ஒரு பெண்ணை, ஏறாமல் இருந்திருக்கலாமே என்று நினைக்க வைத்துவிட்டது கேலி. அந்தப் பெண் பின்னர்த் தன் படிப்பே தனக்கு முக்கியம், முகத்து முடி அன்று என்று தெளிவாகச் சொன்னாள். பதினாறு வயதை எட்டாத பலருக்கு அத்தனை உறுதி வாய்ப்பதில்லை.

வரலாற்றில் இதைவிடக் கொடியதும் உண்டு. 1834இல் மெக்சிகோ நாட்டில் பிறந்த ஜூலியா பாஸ்ட்ரானா என்னும் பெண்ணுக்குப் பிறவிக் கோளாறால் முகமெங்கும் உடலெங்கும் முடி. அவளுக்குப் பாடத் தெரியும், ஆடத் தெரியும். ஆயினும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவளைக் காட்சிப் பொருளாக்கிக் கட்டணம் வாங்கினார்கள். 1860இல் மாஸ்கோ நகரில் குழந்தை பெற்ற சில நாளில் அவள் இறந்தாள், குழந்தையும் இறந்தது. அவள் கணவனே இரு உடல்களையும் பதப்படுத்தி ஊர் ஊராகக் காட்டினான். கடைசியில் 2013ஆம் ஆண்டுதான் அவள் உடல் நார்வேயிலிருந்து தாய்நாட்டுக்கு வந்து, திருப்பலி நிறைவேற்றப்பட்டு, வெண்மலர்களோடு மண்ணில் வைக்கப்பட்டது. 153 ஆண்டு காத்திருந்து கிடைத்த அடக்கம்! வேடிக்கை பார்த்தவர்களின் பெயர் ஒன்றும் இன்று நமக்குத் தெரியாது. ஆனால் பார்க்க வந்தவர் கூட்டம் இல்லையேல் அந்தக் காட்சியும் நடந்திருக்காது.

அறிவியல் சொல்வது

மனித முகத்தில் ஆண், பெண் இருவருக்கும் முடிவேர்கள் உண்டு. பெண்ணிடம் அவை பெரும்பாலும் மென்மையான பூனைமுடியையே தருகின்றன. ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் ஆணுக்கு மட்டும் உரியவை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பெண்ணின் சினைப்பைகளும் அட்ரீனல் சுரப்பிகளும் அவற்றைச் சிறிதளவு சுரக்கவே செய்யும். அளவு கூடினாலோ, அளவு சரியாக இருந்தும் முடிவேர் அதற்கு மிகுதியாக இணங்கினாலோ, பூனைமுடி தடித்துக் கருத்த முடியாக மாறும். இரண்டாம் வகை சில குடும்பங்களில் தாய்வழி, தந்தைவழியாக வருவது. அதில் நோய் ஏதும் இல்லை.

முதல் வகைக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, மருத்துவர்கள் பி.சி.ஓ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு. 1935இல் சிகாகோ நகரத்து மருத்துவர்கள் ஸ்டைன், லெவந்தால் இருவரும் இதை விளக்கி எழுதினர். பிள்ளைப்பேறு வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 விழுக்காட்டினருக்கு இது இருக்கலாம் என்றும், அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை தமக்கு இருப்பதையே அறியார் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 40 பேர் உள்ள ஒரு வகுப்பை எண்ணிப் பாருங்கள். வளர்ந்து பெரியவர்களாகும்போது அவர்களுள் நால்வருக்கேனும் இது இருக்கக்கூடும். யாரோ ஒருத்தியின் கதையாக நாம் நினைப்பது வகுப்புக்கு நால்வரின் கதை.

இக்கோளாறில் மாதவிலக்குத் தள்ளிப் போகும், முகப்பரு மிகும், கழுத்தின் பின்புறம் கருத்துத் தடிக்கலாம். உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாமையும், அதனால் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் இதனோடு சேர்ந்தவை. அதனால்தான் முகத்து முடியைச் செய்தி என்றோம். முடியை மட்டும் பிடுங்கிவிட்டுச் செய்தியைப் படிக்காமல் விட்டால், கடிதத்தைப் பிரிக்காமல் கிழித்துப் போட்டவர் ஆவோம்.

தாய்மார்கள் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, பூப்பெய்திய முதல் ஓராண்டில் மாதவிலக்கு முறை தவறி வருவது இயல்பு. அதற்குள் அஞ்ச வேண்டாம். மூன்றாண்டு ஆன பின்னும் 21 நாளுக்குள்ளோ 35 நாளுக்கு மேலோ வந்துகொண்டிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பூப்பெய்தி எட்டு ஆண்டு ஆகாத பெண்களுக்கு ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து இக்கோளாறை முடிவு செய்யக் கூடாது என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். வளரும் வயதில் சினைப்பையில் சிறு கொப்புளங்கள் தெரிவது இயற்கை. இரண்டாவது, சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பெருகி, குரல் கரகரத்து, தலைமுடி உதிரத் தொடங்கினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அது அரிதாக வரும் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம்.

தவறான வழிகள்

வெட்கம் மிகுந்த இடத்தில் வியாபாரம் மிகும். 1920களில் அமெரிக்காவில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி முகத்து முடியை நிரந்தரமாக நீக்குவதாகச் சொல்லிக் கடைகள் திறந்தார்கள். வலியில்லை, தழும்பில்லை என்று நம்பிப் பெண்கள் வரிசையில் நின்றனர். சில ஆண்டுகளில் தோல் சுருங்கிப் புண்ணாகி, பலருக்குப் புற்றுநோயும் வந்தது. 1930களின் தொடக்கத்தில் தாலியம் என்னும் எலிப்பாஷாணம் சேர்ந்த முடி நீக்கும் களிம்பு அந்நாட்டில் விற்பனையாகி, பூசிய பெண்கள் நரம்புத் தளர்ச்சியும் பார்வைக் குறைவும் உற்றனர். கைகால் வலி வந்த பின்னும் அவர்களில் பலர் வெளியே சொல்லவில்லை; சொன்னால் முகத்தில் முடி இருந்ததும் தெரிந்துவிடுமே!

கடந்த காலம் போகட்டும். இன்று நம் கடைத்தெருவில் நடப்பது என்ன? முகம் சிவக்க வேண்டும் என்று மருந்துக்கடையில் களிம்பு கேட்டு வாங்குகிறார்கள். அவற்றுள் சிலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு மருந்து இருக்கும். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று தெரியும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், சிவக்கும், பரு வெடிக்கும். முகத்தில் முடியும் வளரும். ஆம், அழகுக்காகப் பூசியதே முடியை வளர்க்கும்! 2018இல் மத்திய அரசு இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆயினும் பெயரைச் சொன்னால் கொடுக்கும் கடைகள் உள்ளன. பக்கத்து வீட்டு அக்காள் பூசுகிறாள் என்பதற்காக எந்தக் களிம்பையும் வாங்க வேண்டாம்.

விடுதியில் ஒரே பிளேடைப் பலர் பயன்படுத்துவதும் ஆபத்து. ஒருவர் இரத்தத்திலுள்ள மஞ்சள் காமாலைக் கிருமி மற்றவருக்குப் பரவும். கஸ்தூரி மஞ்சளையும் பயத்தமாவையும் பற்றிக் கேட்பவர்களுக்கு நம் விடை: பூசிக் குளிப்பது நல்ல பழக்கம், ஆனால் ஹார்மோனால் தடித்த முடியை அது உதிர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மஞ்சளை நம்பி மருத்துவரைத் தள்ளிப் போடக் கூடாது.

சரியான வழிகள்

சவரம் செய்தால் முடி இன்னும் தடித்து வளரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இது உண்மையன்று. மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்கப் பெண் உடற்கூறு அறிஞர் 1928ஆம் ஆண்டிலேயே அளந்து பார்த்து, சவரத்தால் முடியின் தடிப்போ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று காட்டினார். வெட்டுப்பட்ட நுனி மழுங்கி இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறது; அவ்வளவே. தனக்கென்று வைத்துக்கொண்ட சுத்தமான கருவியால் முடியை மழிப்பதில் பாவமுமில்லை, ஆபத்துமில்லை. நூல் கொண்டு எடுக்கும் த்ரெட்டிங் நம் ஊர் அழகு நிலையங்களில் எளிதாகச் செய்யப்படுவது. அடிக்கடி பிடுங்கினால் சிலருக்குக் கொப்புளமும் கரும்புள்ளியும் வரும். நம் மாநிறத் தோலில் அந்தப் புள்ளி மறைய நாளாகும்.

நிரந்தரமாக நீக்க மின்னூசி முறை உண்டு. 1875இல் கண்ணுக்குள் வளரும் இமை முடிக்காகச் சார்லஸ் மிஷல் என்ற கண் மருத்துவர் கண்டது இது. ஒவ்வொரு வேராகச் செய்ய வேண்டியிருப்பதால் பொறுமை வேண்டும். லேசர் ஒளி முறை முடியைக் குறைக்கும், முழுதும் நீக்குவதில்லை. கருநிறத் தோலுக்கு ஏற்ற லேசர் வேறு, வெளிர் நிறத் தோலுக்கு ஏற்றது வேறு. தகுதியில்லாதவர் கையில் சென்றால் முகம் வெந்துவிடும். ஆகவே தோல் மருத்துவரிடமே செய்துகொள்ள வேண்டும். ஹார்மோன் கோளாறு சரியாகாமல் லேசர் மட்டும் செய்தால் முடி மறுபடி வரும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகளும் உண்டு. இவை பலன் தர ஆறு மாதமேனும் ஆகும், ஏனெனில் முளைத்த முடி தன் காலம் முடியும் வரை நிற்கும். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிட்டு வேறு மருத்துவரைத் தேடி ஓடுபவர் பலர். மாதவிலக்கைச் சீராக்க மருத்துவர் எழுதித் தரும் ஹார்மோன் மாத்திரை, கருத்தடை மாத்திரைதானே என்று கத்தோலிக்கக் குடும்பங்களில் தயக்கம் எழுவதுண்டு. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1968இல் வெளியிட்ட ஹூமானே வீத்தே சுற்றுமடலே, உடல் நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையைத் திருச்சபை தடை செய்வதில்லை என்று தெளிவாக்கியுள்ளது. நோய்க்கு மருந்து சாப்பிடும் பெண் பிள்ளையை யாரும் சந்தேகக் கண்கொண்டு பார்க்க வேண்டாம்.

உடல் எடை மிகுந்தவர்களுக்கு அதில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே ஹார்மோன் நிலை சீர்பட உதவும். இதற்காகப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. வளரும் பிள்ளைகள் பட்டினி கிடக்கவே கூடாது. மலையிலிருந்து வரும் மாணவியர் வீட்டில் சாமையும் தினையும் கேழ்வரகும் உண்டு, மேடு பள்ளம் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள். கீழே வந்ததும் மூன்று வேளையும் வெள்ளரிசி, நாள் முழுதும் பெஞ்சு. அந்தப் பழைய தானியமும் அந்த நடையும் பின்தங்கியவர் அடையாளம் என்று வெட்கப்பட வேண்டாம். உடம்புக்கு அவை செல்வம். ஒல்லியான பெண்களுக்கும் இக்கோளாறு வரும் என்பதால், சாப்பாட்டைக் காட்டி யாரையும் குற்றம் சொல்வதும் தவறு.

மருத்துவரைப் பார்க்கச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோதான் போக வேண்டும் என்ற நிலையும் இன்றில்லை. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022இல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மகளிர் நல மருத்துவரையும் தோல் மருத்துவரையும் அங்குக் காணலாம். மலையிலிருந்து வரும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். பேருந்து கிடைக்காமல் பொழுதும் போகும். அதனால் அலைச்சலின்றிக் கேட்டறிய 104 என்ற அரசின் மருத்துவ உதவி எண்ணையும், மனம் சோர்ந்தவர்கள் 14416 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

நம் பள்ளியின் முன் ஒரு வேண்டுகோள்

கன்னியர் நடத்தும் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரு விதி உண்டு: மாணவியர் புருவம் திருத்தக் கூடாது, அலங்காரம் கூடாது. எளிமையைப் பழக்குவதற்காக ஏற்பட்ட இவ்விதியை நாம் மதிக்கிறோம். ஏழை வீட்டுப் பெண்ணும் வசதியுள்ள வீட்டுப் பெண்ணும் ஒன்றுபோல் அமர வேண்டும் என்னும் நல்ல நோக்கம் அதில் உள்ளது. ஆனால் மோவாயில் வளர்ந்த முடியை நீக்கிவிட்டு வரும் பெண்ணையும் இதே விதியின் கீழ் வரிசையில் நிறுத்தி, "அழகு நிலையத்திற்குப் போனாயா?" என்று கேட்பது எவ்வகையில் நீதியாகும்? முடியோடு வந்தால் தோழியர் சிரிக்கிறார்கள். நீக்கிவிட்டு வந்தால் ஆசிரியை கடிந்துகொள்கிறார். அந்தப் பெண் எந்த முகத்தோடுதான் பள்ளிக்கு வருவாள்?

ஆகவே நாம் கேட்பவை சில. முகத்து முடியை நீக்குவதை அலங்காரக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மருத்துவர் சீட்டைக் காட்டச் சொல்லியும் அவளை வருத்த வேண்டாம். அவள் தாயின் ஒரு சொல் போதும். நாடகத்தில் வேடம் கொடுக்கும்போது குரலையும் நடிப்பையும் பார்த்துக் கொடுக்க வேண்டும். பட்டப்பெயர் வைத்து அழைப்பதைச் சிறு விளையாட்டென்று விடாமல், திருட்டைக் கண்டிப்பதுபோல் கண்டிக்க வேண்டும். அதுவும் ஒருத்தியின் படிப்பைத் திருடுவதே. ஒன்பதாம் வகுப்பு முதல் ஆண்டுக்கொரு முறை பெண் மருத்துவர் ஒருவரை அழைத்து, தாய்மாரும் உடனிருக்க, வெளிப்படையாகப் பேசச் செய்ய வேண்டும். விடுதி மாணவியருக்கு வீட்டிலிருந்து அழைத்துப் போக ஆளில்லையென்றால், விடுதிக் காப்பாளரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நீக்க விரும்பாத பெண்ணுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது. இங்கிலாந்தில் வாழும் ஹர்நாம் கவுர் என்னும் சீக்கியப் பெண்ணுக்கு இளவயதிலேயே பி.சி.ஓ.எஸ். கோளாறால் தாடி வளர்ந்தது. பள்ளியில் பட்ட கேலி சொல்லி மாளாது. முடியை நீக்கி நீக்கிச் சலித்தபின், பதினாறு வயதில் தன் சமய நெறிப்படி அதை வளரவிட முடிவு செய்தார். 2016இல் முழுத்தாடியுள்ள மிக இளைய பெண் என்று கின்னஸ் சாதனைப் பதிவிலும் அவர் பெயர் ஏறியது. எல்லோரும் அவரைப் போலச் செய்ய வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. கேலிக்கு அஞ்சி நீக்குவது வேறு, தன் விருப்பத்தால் நீக்குவது வேறு. நம் பெண்களுக்கு இரண்டாவது கிடைக்க வேண்டும்.

பெண் பார்க்க வருபவர்களுக்காக இப்போதே சரிசெய்துவிட வேண்டும் என்று பதறும் பெற்றோருக்கும் ஒரு சொல். மகளின் மாதவிலக்கையும் சர்க்கரையையும் பற்றிக் கவலைப்படாமல் மேலுதட்டைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால், அவள் உடல்நலத்தைவிட ஊரார் கண்ணுக்கே முதலிடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவள் நலத்துக்காக அழைத்துச் செல்லுங்கள்.

வேளாங்கண்ணி மாதா கோயிலில் நேர்ச்சைக்காகத் தலைமுடியை மழித்துக்கொண்டு வரும் அன்னையரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். மொட்டைத் தலையோடு வரும் தாயைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அவள் நம்பிக்கையை எண்ணி வழி விடுகிறோம். தலையில் முடி இல்லாத பெண்ணை மதிக்கத் தெரிந்த நமக்கு, தாடையில் முடி உள்ள பெண்ணை மதிக்கத் தெரியாதா? ஈசாயின் வீட்டில் சாமுவேல் தீர்க்கதரிசி உயரமும் தோற்றமும் கண்டு மூத்த மகனைத் தேர்ந்துகொள்ளப் போனபோது, இறைவன் அவரைத் தடுத்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைசி மகன் தாவீதையே அழைக்கச் செய்தார். மறைக்கல்வி வகுப்பில் இதைப் படித்து மதிப்பெண் வாங்கிவிட்டோம். இனி அதை வகுப்பறையில் வாழ்ந்து காட்ட வேண்டும்.

மாணவியரே, வரும் ஆண்டில் குழுப் படம் எடுக்கும்போது பின்வரிசைக்கு ஒதுங்கும் தோழியின் கையைப் பிடித்து உங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவளிடம் அதைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம், ஆறுதல்கூட வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும்.